அருள்சகோதரர் ஜேம்ஸ் மில்லர் – கடிதம்

வணக்கம் ஐயா,

விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சிகள் பற்றிய கட்டுரையில் குவாத்தமாலாவில் கொல்லப்பட்ட அருள்சகோதரர் ஜேம்ஸ் மில்லரையும் சேர்த்திருக்கிறீர்கள். விசுவாசத்தை விட்டுவிடு என்று யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லையே? உள்நாட்டுப் போரில் செத்த பல்லாயிரம் பேரில் ஒருவர், அவ்வளவுதான். போதாததற்கு நிக்கராகுவாவில் சர்வாதிகாரி சொமோசாவின் அரசோடு சேர்ந்து வேலை செய்தவர் வேறு. 2019-இல் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தது சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சொமோசா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் சொல்வது உண்மைதான். நிக்கராகுவாவில் கிராமப் பள்ளிகள் கட்டும் பொறுப்பை அந்த அரசு கொடுத்தது, மில்லர் ஏற்றுக்கொண்டார். அந்த அரசைக் கவிழ்த்த 1979 புரட்சியின்போது அதுவே ஆபத்தாகி, அவருடைய லசால் துறவற சபையின் தலைவர்கள் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார்கள். பணம் யாருடையது என்று அவர் ரொம்ப யோசித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். விஸ்கான்சினில் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். லசால் சபைச் சகோதரர்கள் குருக்கள் அல்ல, கற்பிப்பதே அவர்கள் துறவறம். இவரோ செயின்ட் பால் நகரப் பள்ளியில் ஸ்பானிஷ் பாடம் எடுத்த நேரம் போக, எதையாவது பழுதுபார்த்துக்கொண்டே இருந்து ‘பிரதர் ஃபிக்ஸ்-இட்’ என்று பேர் வாங்கியவர். அரசியல் கூர்மை அவரிடம் குறைவு. அது குறைதான், பாவமல்ல.

அமெரிக்காவில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்திய அமெரிக்காவுக்கே அனுப்புங்கள் என்று கேட்டு, 1981 ஜனவரியில் குவாத்தமாலாவின் ஊவேஊவேதெனாங்கோவுக்குப் போனார். அங்கே ‘காசா இந்திஹேனா’ என்ற விடுதி. மலைக் கிராமங்களின் மாயா பழங்குடிப் பையன்கள் தங்கிப் படித்த இடம்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த விடுதியில்தான் இருக்கிறது. மாயா இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க ராணுவம் தெருவில் கண்ட இடத்தில் பிடித்து லாரியில் ஏற்றும். மாணவர்களுக்குச் சட்டப்படி விலக்கு உண்டு. ஆகவே பையன் பிடிபட்டால் சகோதரர்கள் சான்றிதழை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போய், இவன் எங்கள் மாணவன் என்று சொல்லி விடுவிக்கக் கேட்பார்கள். ஒரு தாள், ஒரு முத்திரை. ராணுவத்துக்கு அதுவே எரிச்சல்.

1982 பிப்ரவரி 13 பிற்பகல், மில்லர் விடுதிச் சுவரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது முகமூடிக்காரர்கள் வந்து சுட்டார்கள். பையன்கள் ஜன்னல் வழியே பார்த்தார்கள். அவருக்கு வயது 37. யாரும் தண்டிக்கப்படவில்லை.

விசுவாசத்தின் மீதான வெறுப்பால் கொல்லப்பட்டாரா என்றுதான் திருச்சபை பார்க்கும். ஞானஸ்நானம் வாங்கியவனே கொலையாளியாக இருக்கும் நாட்டில், விசுவாசத்தை விடு என்று யார் கேட்கப்போகிறார்கள்? ஜெபமாலை உருட்டுகிறவரால் அவனுக்குத் தொல்லை இல்லை. மாயா பையன் கையில் துப்பாக்கிக்குப் பதில் நோட்டுப்புத்தகம் கொடுத்தவர்தான் தொல்லை. அந்தப் பையனும் கடவுளின் பிள்ளை என்று நம்பியதால்தானே கொடுத்தார்? எல் சால்வதோர் நாட்டில் சான் சால்வதோரின் பேராயர் ரொமேரோவைச் சுட்டவர்களும் மதம் மாறச் சொல்லவில்லை; அவரையும் திருச்சபை மறைசாட்சியாகவே ஏற்றது.

‘பல்லாயிரத்தில் ஒருவர்’ என்பதை மட்டும் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் போரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 2,00,000 பேர், பெரும்பாலோர் மாயா மக்கள். வெளிநாட்டுத் துறவியின் பெயர் நமக்கு வந்து சேர்ந்த அளவுக்கு உள்ளூர் உபதேசியார்களின் பெயர்கள் வரவில்லை. 2021-இல் அதே போரில் கொல்லப்பட்ட, குவாத்தமாலாவின் கிச்சே பகுதியின் பத்துப் பேருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது. ஏழு பேர் பொதுநிலையினர். அவர்களில் ஹுவான் பரேரா மெந்தெஸ் 12 வயதுச் சிறுவன். இதே கேள்வியை அவனை வைத்தும் கேட்டுப் பாருங்கள், பிறகு எழுதுங்கள்.