குனியும்போது மூச்சு எங்கே? யோகா கேள்வி பதில்

கல்லடியில் யோகா படிப்பிக்கிறேன். முதல் வகுப்பைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஆரையம்பதியிலிருந்து: ரீச்சர், எனக்கு 46 வயது, வங்கியில் வேலை. போன சனிக்கிழமைதான் முதல் வகுப்பு. எல்லாரும் குனிந்து பாதத்தைத் தொட்டார்கள், என் கை முழங்காலோடு நின்றுவிட்டது. கடைசியில் சவாசனத்தில் படுத்தபோது அழுகை வந்தது. வெட்கமாப் போச்சு. இனியும் போகலாமா?

போங்கள் தங்கச்சி, இந்தச் சனிக்கிழமையே போங்கள். நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவருக்குத் தொடையின் பின்தசை இறுகித்தான் இருக்கும். ஒரே நாளில் இழுத்து நீட்டப் பார்த்தால் நாரி பிடித்துக்கொள்ளும். முழங்காலைக் கொஞ்சம் மடித்துக் குனியுங்கள், கை நிற்கிற இடத்தில் நிற்கட்டும். நான் பார்ப்பது முகத்தை. பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்திருந்தால் அளவு மீறிவிட்டீர்கள். மூச்சு தடையில்லாமல் போய்வந்தால் அன்றைக்கு அதுதான் உங்கள் ஆசனம்.

புதியவர்கள் பின்மூலையைத் தேடுவார்கள். வேண்டாம். எல்லாரும் மறுபக்கம் திரும்பினால் நீங்கள்தான் முன்னுக்கு நிற்பீர்கள், பார்த்துச் செய்ய ஆள் இருக்காது. நடுவரிசையில் சுவரோரம் நில்லுங்கள். விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் தள்ளாடினால் சுவரில் விரலை ஊன்றலாம்.

அழுகை பல பேருக்கு வரும். ஓடித் திரிந்த உடம்பு அசையாமல் கிடக்கும்போது உள்ளே இருந்தது வெளியே வருகிறது. என் வகுப்பில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

காத்தான்குடியிலிருந்து: மந்திரம் சொல்லத்தான் வேணுமா?

இல்லை. அந்த நேரம் மூச்சைக் கவனித்துக்கொண்டிருங்கள். ரீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான்கு பேர்: மாதத்துக்கு எத்தனை கிலோ குறையும்?

ஒரே பதில்: கிலோக் கணக்கு சொல்லமாட்டேன். மூச்சைப் பிடிக்காமல் செய்யப் பழகுங்கள்.

செங்கலடியிலிருந்து: திருமூலரே மூச்சை 16 மாத்திரை (கண்ணிமைக்கிற நேர அளவு) இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொல்கிறார். நீங்கள் அடக்காதே என்கிறீர்களே?

ஐயா, அவருடைய திருமந்திரத்தில் அது மூன்றாம் தந்திரம், அதாவது மூன்றாம் பகுதி. அதே தந்திரத்தில் இயமம், நியமம், ஆசனம் மூன்றுக்கும் பிறகுதான் பிராணாயாமம் என்கிற மூச்சுப் பயிற்சி வருகிறது. முதல் நாள் வந்தவருக்கு நான்காம் படியை ஏன் காட்டவேண்டும்?

மீண்டும் செங்கலடி: 30 வருடமாக அடக்குகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

30 வருடப் பழக்கம் உங்களுக்குக் கைகொடுக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் என் கண்முன்னே, பிரஷருக்குக் குளிசை போடுகிற ஒருவர் எங்கேயோ வாசித்துவிட்டு வந்து மூச்சை அடக்கி, தலைசுற்றிச் சரிந்தார். தாங்கிப் பிடித்தது நான். அன்றிலிருந்து புதியவர் எவருக்கும் கும்பகம், அதாவது மூச்சை அடக்குவது, சொல்லிக்கொடுப்பதில்லை. நூலை மதிக்கிறபடியால்தான் அதன் வரிசையையும் மதிக்கச் சொல்கிறேன்.

கல்முனையிலிருந்து: டிஸ்க் விலகியிருக்கு. எந்த ஆசனம் நல்லது?

எழுத்தில் சொல்லமாட்டேன். டொக்டரிடம் கேட்டுவிட்டு, ரீச்சருக்கு நேரில் காட்டுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: சாப்பிட்டுவிட்டுப் போகலாமா? வீட்டுப் பன்பாய் போதுமா?

பிட்டும் தயிரும் வயிறு நிறையச் சாப்பிட்டால் மூன்று மணித்தியாலம் விடுங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வரவே கூடாது, எதை எப்போது சாப்பிடுவதென்று கிளினிக்கில் கேளுங்கள். பன்பாய் சிமெந்துத் தரைக்குப் போதும், டைல்ஸில் வழுக்கும்.