ஷாவின் மியூராவும் ஜோட்டாவும் ஒன்றல்ல

வணக்கம் நண்பரே. நீங்கள் வாங்கிய பொம்மைக் கார்ப் பெட்டியில் 'ஈரான் மன்னரின் ஜோட்டா' என்று இருக்கிறது, கண்காட்சி அட்டையில் அப்படியே எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், அது தவறு.

அசல் ஜோட்டா ஒன்றே ஒன்றுதான். இத்தாலியக் கார் நிறுவனமான லம்போர்கினியின் சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ் 1970-இல் அவர்களுடைய மியூரா என்ற ஸ்போர்ட்ஸ் காரை வைத்து உருவாக்கியது. எடையைக் குறைக்க அலுமினியத் தகடுகளை நிறையப் பயன்படுத்தியிருந்தார். கைமாறிய கொஞ்ச நாளிலேயே, 1971-இல், இத்தாலியின் பிரெஷா அருகே விபத்தில் எரிந்துபோனது. நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஈரான் மன்னர் ஷா முகமது ரெசா பஹ்லவி வாங்கியது மியூரா எஸ்.வி.ஜே. ஜோட்டாவைப் பின்பற்றித் தொழிற்சாலையிலேயே செய்துகொடுத்த, விரல்விட்டு எண்ணக்கூடிய கார்களில் ஒன்று. சேஸிஸ் (அடிச்சட்ட) எண் 4934. வெளியே அடர் சிவப்பு, உள்ளே வெள்ளை இருக்கைகள். இருக்கைக்குப் பின்னால் குறுக்குவாட்டில் 4 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சின். 1979 புரட்சியில் அரண்மனைக் கார்களோடு பறிமுதலானது. அப்புறம் 1997-இல் ஜெனீவா ஏலத்தில் நடிகர் நிக்கோலஸ் கேஜ் வாங்கினார்.

அட்டையில் 'லம்போர்கினி மியூரா எஸ்.வி.ஜே., 1971, ஈரான் ஷாவுக்காகச் செய்தது' என்று போடுங்கள். உங்கள் மாடலின் உள்பக்கம் கறுப்பாக இருந்தால் வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுங்கள், சரியாக இருக்கும்.