பதில்: நமக்குத் தடை, அவர்களுக்கு மட்டும் வலையா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், சில்லிவாக் ஊர் பக்கம் ஃப்ரேசர் ஆற்றில் தூண்டிலுக்குத் தடை இருந்த நாளில் பழங்குடியினர் வலை விட்டதைப் பார்த்து, 'இது என்ன நியாயம்?' என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் எனக்கும் இதே எரிச்சல்தான்.

ஆனால் அது சலுகை இல்லை, உரிமை. 1984-இல் மஸ்குவியம் இனத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்பாரோ மீது வழக்கு: உரிமத்தில் அனுமதித்த வலை நீளம் 25 பாகம், அவர் விட்ட வலை 45 பாகம் (நம்மூர் மீனவர்கள் சொல்லும் அதே பாகம்தான், ஒன்று ஆறடி). 1990-இல் அந்த வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் யாருக்கு முன்னுரிமை என்ற வரிசையைத் தெளிவாக்கியது. முதலில் மீன்வளப் பாதுகாப்பு, அடுத்து பழங்குடியினரின் உணவும் சடங்கும், பிறகுதான் வணிகமும் நம் தூண்டிலும். மீன் வரத்து குறைந்தால் அவர்களுக்கு முன்பே கதவு அடைபடுவது நமக்குத்தான்.

படகில் வந்த பழங்குடியினர் ஒருவர் உங்களைப் பார்த்துக் கத்தினார் என்கிறீர்களே, ஈயக்குண்டை ஆற்றடியில் உருட்டி நீள லீடர் (கொக்கி கட்டும் கடைசி நரம்பு) விட்டிருந்தீர்களா? சினூக் என்ற பெரிய சால்மனுக்குத்தான் போட்டேன் என்போம். ஆனால் வாயில் நரம்பு உரசி, கடிக்காமலே கொக்கியில் மாட்டுவது 'சாக்கை' (sockeye) என்ற வேறு வகை சால்மன். அவர்கள் கோபத்துக்குப் பெரிய காரணம் இதுதான். ஈயக்குண்டை ஓரிடத்தில் நிறுத்தி, மீன் தானாகக் கடிக்கக் காத்திருக்கும் 'பார் ராடு' முறைக்கு மாறிப் பாருங்கள்.

மிதப்பு வலை இறங்கி வந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். கட்டிய வலையைத் தொடவே வேண்டாம். இரு தரப்பும் பேசித் தீர்க்க 'ஃப்ரேசர் ரிவர் பீஸ்மேக்கர்ஸ்' என்ற குழு இருக்கிறது, அவர்களிடம் கேளுங்கள்.