கேள்விகளை ரயில்லயே தயார் பண்ணிட்டு வந்த ரிப்போர்ட்டர்

போன இதழ்ல ரமணர் பத்தின ஒரு பதில்ல பால் பிரண்டன் பேரைச் சும்மா ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டேன், "அது யாருங்க, விவரமா எழுதுங்க"ன்னு நிறைய லெட்டர், அதனால இந்த வாரம் முழுக்க அவர்தான்.

கேள்வி: பால் பிரண்டன்ங்கிறது சொந்தப் பேரா? அவர் சாமியாரா, பத்திரிகைக்காரரா? (வாசகர், வேலூர்)

சொந்தப் பேர் இல்லங்க, ராஃபேல் ஹர்ஸ்ட். 1898-ல லண்டன்ல பொறந்தவர். முதல் உலகப் போர்ல டேங்க் படையில இருந்துட்டு வந்து புத்தகக் கடை, பத்திரிகைன்னு வேலை பார்த்தார். அந்தப் போர்ல பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அங்க ஊருக்கு ஊர் இருந்துச்சு, செத்துப்போனவங்களோட ஒரு வார்த்தை பேசிட மாட்டோமான்னு ஏங்கின காலம் அது, அதனால ஆவி, ஜோசியம், மந்திரம்னு எல்லாத்துக்கும் கூட்டம். அந்த விஷயங்களுக்குன்னே வந்துட்டு இருந்த 'அக்கல்ட் ரிவ்யூ' பத்திரிகையில இவர் புனைபேர்ல எழுதினார், தியசாபிகல் சொசைட்டிங்கிற ஆன்மிகச் சங்கத்துலயும் கொஞ்ச நாள் இருந்தார். ஆக, ரெண்டும்தான்னு சொல்லணும், ஆனா முதல்ல பத்திரிகைக்காரர்.

கேள்வி: காஞ்சிப் பெரியவாதான் இவரை ரமணர்கிட்ட அனுப்பி வெச்சார்னு எங்க தாத்தா சொல்லுவார். நிஜமா சார்? (வாசகி, கும்பகோணம்)

தாத்தா சொன்னது சரிதான்மா. 1931 ஜனவரி, பிரண்டன் குரு தேடி இந்தியாவுல சுத்திட்டு இருந்தார், பெரியவா செங்கல்பட்டுல முகாம், அப்போ அவருக்கு வயசு 36தான், பிரண்டனுக்கு 32. கூட்டிட்டுப் போனவர் எழுத்தாளர் கே.எஸ். வேங்கடரமணி, 'முருகன் ஓர் உழவன்' எழுதினாரே அவரேதான். எனக்கு வழிகாட்ட ஒரு குரு வேணும்னு பிரண்டன் கேட்க, பெரியவா ரெண்டு பேரைச் சொல்றார், ஒருத்தர் காசியில இருக்கார் ஆனா அவரைப் பார்க்கிறது சுலபமில்ல, இன்னொருத்தர் திருவண்ணாமலை மகரிஷி, அவரைப் பார்க்காம தெற்கை விட்டுப் போகக்கூடாதுன்னு வாக்கே வாங்கிக்கிறார். தன்கிட்ட வந்தவரைத் தன்கிட்டயே வெச்சுக்காம இன்னொரு மகான்கிட்ட அனுப்பினார் பாருங்க, அதை நினைக்கிறப்பல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்து போகும்.

அப்புறம் திருவண்ணாமலை. ரிப்போர்ட்டர் இல்லையா, கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் ரயில்லயே வரிசையா தயார் பண்ணிட்டு வந்திருக்கார், ஹால்ல உட்கார்றார், ரமணர் ஒண்ணுமே பேசல, நேரம் போயிட்டே இருக்கு, முதல்ல இவருக்குக் கொஞ்சம் எரிச்சல், அப்புறம் அந்தக் கேள்விகள் ஒண்ணொண்ணா தானா உதிர்ந்து போகுது, கேட்கணும்ங்கிற அவசரமே இல்லாம போயிடுது. பேட்டி எடுக்க வந்தவன் பேட்டியே எடுக்காம உட்கார்ந்திருந்ததை இவ்வளவு நேர்மையா எழுதினவங்க ரொம்பக் கம்மி.

அதோட அவர் அங்கயே தங்கிடல, நிறைய பேர் இதைச் சொல்றதே இல்ல. கல்கத்தா, காசி, ஆக்ரான்னு சுத்தி இன்னும் எத்தனையோ பேரைப் பார்த்துட்டு, ஊர் திரும்ப கப்பல்ல இடமும் போட்டுட்டு, கடைசியில அதை விட்டுட்டுத் திரும்பவும் திருவண்ணாமலைக்கே வந்தார். மத்தவங்களையும் பார்த்துட்டு வந்து சொன்னதால அந்தச் சாட்சிக்கு எடை அதிகம்னு நான் நினைக்கிறேன்.

இந்த அனுபவமெல்லாம் சேர்ந்த அவரோட புத்தகம் 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' 1934-ல லண்டன்ல வெளிவந்துச்சு. அதைப் படிச்சுட்டு 1935 நவம்பர்ல மேஜர் சாட்விக்ங்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி வந்தார், திருவண்ணாமலையிலயே தங்கிட்டார். ஆனா ரமணரைப் பத்தி எழுதின முதல் வெள்ளைக்காரர் பிரண்டன்னு சிலர் எழுதுறாங்களே அது தப்பு, 1911-லயே ஹம்ஃப்ரீஸ்ங்கிற போலீஸ் ஆபீசர் வந்து பார்த்து எழுதிட்டார்.

கேள்வி: பிரண்டன் புத்தகத்துல வர்ற மூச்சை நிறுத்துறது, காத்துல இருந்து வாசனை வரவழைக்கிறது... இதையெல்லாம் நம்பச் சொல்றீங்களா? (வாசகர், ஈரோடு)

நான் நம்பச் சொல்லலங்க, அவர் எப்படிப் பார்த்தார்ங்கிறதைத்தான் கவனிக்கச் சொல்றேன். அடையாறு ஆத்தங்கரையில பிரமான்னு ஒரு யோகியைச் சந்திக்கிறார், இதயத் துடிப்பை நிறுத்திக் காட்டுறேன்னு அந்த யோகி சொன்னா, நெஞ்சுல கை வெச்சுத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் எழுதுறார். மௌன விரதம் இருந்த குரு மெஹர் பாபாகிட்டயும் அகமத்நகர் பக்கம் போய்த் தங்கினார், அங்க அவருக்கு ஒத்துவரல, நம்ப முடியலன்னு அப்படியே எழுதிட்டார், பாபா பக்தர்களுக்கு அதுல இன்னிக்கும் வருத்தம் உண்டு. பிடிக்காததையும் எழுதினதாலதான் பிடிச்சதை எழுதுறப்போ எனக்கு நம்பிக்கை வருது.

கேள்வி: கடைசியில ரமணாசிரமத்தோட சண்டை, பிரண்டனே போலின்னு புத்தகமே வந்திருக்குன்னு ஒரு நண்பர் சொல்றார். நீங்க இப்படிப் புகழலாமா? (வாசகர், மதுரை)

நண்பர் சொன்னதுல உண்மை இருக்கு, மறைக்க மாட்டேன். 1930-கள் முடியறப்போ ஆசிரம நிர்வாகத்தோட கசப்பு வந்து விலகிட்டார். மைசூர்ல மகாராஜா ஆதரவுல இருந்து வி. சுப்ரமணிய ஐயர்கிட்ட வேதாந்தம் படிச்சார், 1941-ல வந்த தன்னோட புத்தகத்துல ஆசிரமத்தையும் ரமணரையும் குறை சொல்லி எழுதினார், அந்தப் பக்கங்களைப் படிச்சப்போ எனக்கு வலிச்சுது. நீங்க சொல்ற இன்னொரு புத்தகம் ஜெஃப்ரி மேசன்ங்கிற சம்ஸ்கிருத அறிஞர் 1993-ல எழுதினது, அவர் அப்பா பிரண்டனோட சிஷ்யர், சின்ன வயசுல அவங்க வீட்டுலயே பிரண்டன் வந்து தங்குவாராம். வேற கிரகத்துல இருந்து வந்தவர் மாதிரி பேசினதையும், மூணாவது உலகப் போர் வரும்னு சொன்னதை நம்பி அந்தக் குடும்பமே உருகுவேக்குக் குடிபோனதையும் மேசன் எழுதியிருக்கார். ஒரு குடும்பத்தையே அப்படிக் கிளப்பி விட்டது சின்னத் தப்பில்ல.

என் கணக்கு இதுதான், கேள்வி கேட்டுட்டு இருந்த வரைக்கும் பிரண்டன் நல்ல ரிப்போர்ட்டர், மத்தவங்க இவர்கிட்ட கேள்வி கேட்க ஆரம்பிச்சதும்தான் தடுமாறினார். ஆனா 1952-க்கு அப்புறம் சாகுற வரைக்கும் புதுசா எந்தப் புத்தகமும் போடாம, நோட்டு நோட்டா எழுதி வெச்சுக்கிட்டார். 1981-ல சுவிட்சர்லாந்துல இறந்ததுக்கு அப்புறம் அது 16 தொகுதியா வந்துச்சு.

கேள்வி: எதுல ஆரம்பிக்கலாம்? (வாசகி, திருச்சி)

1934 புத்தகம்தான்மா. எகிப்து பிரமிடுக்குள்ள ஒரு ராத்திரி தனியா இருந்த கதை 1936 புத்தகத்துல இருக்கு, அதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல செங்கல்பட்டு சந்திப்பைப் படிங்க, முடிஞ்சா அன்னிக்கே திருவண்ணாமலை அத்தியாயத்தையும் சேர்த்துப் படிச்சிடுங்க.