டிரைவர் பெயரில் நிலம் வாங்கலாமா? இந்தோனேசியக் கிராமம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: நானும் மனைவியும் சிங்கப்பூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வடக்கு பாலியில், புலெலெங் மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றில் 6 ஆரே (600 சதுர மீட்டர்) நிலம் மலிவாக வருகிறது. காபியும் கிராம்பும் விளையும் இடம். வெளிநாட்டவர் பெயரில் பதிய முடியாது என்பதால், தரகர் தன் டிரைவர் பெயரில் பத்திரம் போட்டுவிட்டு, எங்களுக்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதித் தருவதாகச் சொல்கிறார். “எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்” என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். மேலே படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு சொல் போதும்.

நேரம் இருந்தால் காரணம் இதோ. இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் 1960இல் வந்தது. ‘ஹக் மிலிக்’ எனப்படும் முழு உரிமை, தனிநபர்களில் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே. இதுவரை தரகரும் சொல்லியிருப்பார். அவர் சொல்லாதது 26ஆவது பிரிவு. நேரடியாகவோ சுற்றி வளைத்தோ முழு உரிமையை வெளிநாட்டவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்கிறது அது. உங்களுக்குப் பாதுகாப்பு என்று அவர் எழுதித் தரப்போகும் அந்தத் தனி ஒப்பந்தம்தான், நாளைக்கு வழக்கு என்று வந்தால் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி.

டிரைவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். அவர் இறந்தால் நிலம் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அவர் அதை வங்கியில் அடகு வைத்தால் தடுக்க உங்களிடம் ஒன்றும் இல்லை. எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதிலும் பாதி உண்மை உண்டு. சிக்கல் இன்னும் வராதவர்கள்தான் அதை உற்சாகமாகச் சொல்வார்கள்.

சரி, முறையான வழி என்ன? தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவர் ‘ஹக் பக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமையில் வீடு வாங்கலாம். 30 ஆண்டு, பிறகு 20, அதன் பிறகு 30 என்று மொத்தம் 80 ஆண்டு வரை போகும். ஆனால் அதற்குக் குறைந்தபட்ச வீட்டு விலை என்று ஒன்று உண்டு. பாலியில் அது பல நூறு கோடி ரூபியா. மலைக் கிராமத்துச் சின்ன வீடு அந்த விலையை எட்டாது. கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் கட்டட உரிமை எடுக்கலாம் என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனிக்கு ஆயிரம் கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். ஓய்வுக்காலத்தில் தோட்டம் போட நினைப்பவருக்கு அது எதற்கு?

மிஞ்சுவது குத்தகை. 25, 30 ஆண்டுக் குத்தகைதான் பாலியில் வழக்கம். விலையை ‘ஒரு ஆரேக்கு, ஓர் ஆண்டுக்கு இவ்வளவு’ என்று பேசுவார்கள். ஒரு ஆரே என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். உங்கள் 6 ஆரே கிட்டத்தட்ட 15 சென்ட். மொத்தக் காலத்துக்கும் பணத்தை முன்கூட்டியே கேட்பார்கள் என்பதால், முடிவில் கையில் மண் மிஞ்சாது என்று தெரிந்தே செலவு செய்ய வேண்டும். நீங்கள் வாங்குவது காலத்தை. அந்தக் கணக்கு மனசுக்கு ஒத்துவரவில்லை என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுவது நல்லது.

ஒத்துவந்தால், கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. முதலில் சான்றிதழ். நில அலுவலகமான பிபிஎன் கொடுத்த சான்றிதழ்தான் உரிமைக்கு ஆதாரம். கிராமத்தில் பழைய வரித்தாளை எடுத்துக் காட்டுவார்கள். ஜாவாவில் அதற்கு கிரிக் என்று பெயர், பாலியில் பிப்பில். வரி கட்டியதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். உங்கள் செலவில், நீங்களே தேர்ந்தெடுத்த நோட்டரி மூலம் சான்றிதழின் மூலத்தை பிபிஎன் அலுவலகத்தில் சரிபாருங்கள். தரகர் கூட்டிக்கொண்டு வரும் நோட்டரி வேண்டாம். குத்தகைப் பத்திரத்தில் உரிமையாளரின் மனைவியும், பரம்பரை நிலமென்றால் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜகார்த்தாவில் ஒரு தம்பி இருக்கிறார், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றால், அந்தத் தம்பி வரும்வரை காத்திருங்கள்.

இரண்டாவது, மண்டலம். விவசாயம் போன்றவற்றுக்கு ஒதுக்கிய பச்சை மண்டலத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. நெல்வயல்களைக் காக்க 2009லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. “பின்னால் மாற்றிக்கொள்ளலாம்” என்பார் தரகர். மாற்றிய பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள். மலிவாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். அல்லது பாதையில் இருக்கும். வண்டி போகும் வழி யாருடைய நிலத்தின் மேல் போகிறது என்று கேளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் இன்றைக்கு நல்லவராக இருப்பது பத்திரமாகாது.

மூன்றாவதைத்தான் வெளியூர்க்காரர்கள் மறப்பார்கள். நிலத்துக்கு உரிமையாளர் ஒருவர் என்றால் ஊரும் ஒரு பங்காளி. பாலியில் அரசுக் கிராம நிர்வாகம் ஒன்று, மரபுக் கிராமமான ‘தேசா அடாட்’ இன்னொன்று. அதற்குள் பஞ்சார் என்ற குடியிருப்புச் சபை. சில நிலங்கள் மரபுக் கிராமத்துக்கே சொந்தம். அனுபவிக்கிற குடும்பம் கோயில் வேலை, ஊர் வேலை செய்து அந்த உரிமையை வைத்திருக்கும். அப்படிப்பட்ட நிலத்தை ஊருக்குத் தெரியாமல் குத்தகைக்கு விட்டால் ஒப்பந்தம் நிற்காது. வயலாக இருந்தால் தண்ணீர் முறையை சுபாக் என்ற பாசனச் சங்கம் முடிவு செய்யும். நிலத்தில் குடும்பச் சன்னதி இருந்தால் பூஜை நாட்களில் அவர்கள் வந்துபோவார்கள். அந்த உரிமையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள், பின்னால் மனக்கசப்பு வராது. பஞ்சார் தலைவரை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். தரகர் அதற்குத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

குத்தகை வருமானத்துக்கு 10 சதவீத வரி உண்டு. சட்டப்படி அது உரிமையாளருடையது. பேச்சோடு பேச்சாக உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். யார் கட்டுவது என்பதையும், குத்தகை முடிந்தபின் புதுப்பிக்கும் விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். ‘அன்றைய சந்தை விலை’ என்று மட்டும் எழுதினால் எழுதாததற்குச் சமம்.

என்னைக் கேட்டால், அதே ஊரில் முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மலையில் பெய்யும் மழையைப் பார்க்காமல் 30 ஆண்டுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் வேலை முழுக்க ஆன்லைனில்தான். கிழக்கு பாலியில் ஒரு கிராமத்து வீடு பார்த்தேன், வாடகை ரொம்பக் குறைவு. ஆனால் ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்பணமாகக் கேட்கிறார். மோசடியா?

பதில்: மோசடி இல்லை, அங்கே வழக்கமே அதுதான். வீட்டு வாடகையை வருடக் கணக்கில்தான் பேசுவார்கள். ரசீதில் 10,000 ரூபியா முத்திரை வில்லை ஒட்டி, அதன் மேல் கையெழுத்து விழும்படி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டைக் காட்டியவர்தான் உரிமையாளரா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். கிராமத்தில் அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

எனக்குக் கவலை உங்கள் விசாவைப் பற்றித்தான். இந்தியர்களுக்கு இறங்கியதும் கிடைக்கும் விசா 5 லட்சம் ரூபியா. 30 நாள், ஒருமுறை நீட்டித்தால் இன்னொரு 30 நாள். அதில் ஒரு வருடம் இருக்க முடியாது. கெடு தாண்டினால் நாளுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம், 60 நாளைத் தாண்டினால் நாடு கடத்தல். ஆன்லைன் வேலைக்காரர்களுக்கென்று இ33ஜி என்ற ஓராண்டு அனுமதி இருக்கிறது. அதற்கு ஆண்டு வருமானம் 60,000 அமெரிக்க டாலர் காட்ட வேண்டும். அது முடியாதென்றால் ஒரு வருட வாடகையைக் கொடுத்துவிடாதீர்கள், மாத வாடகை அறை பாருங்கள். விலை கூடத்தான், ஆனால் போன பணம் கணக்கில் அடங்கும்.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது மின் மீட்டர். கிராமத்து வீடுகளில் 450, 900 விஏ (வோல்ட்-ஆம்பியர், வாட் போல ஒரு மின்சுமை அளவு) மீட்டர்தான் பெரும்பாலும் இருக்கும். நம் ஊர் 750 வாட் மிக்ஸியும் ரைஸ் குக்கரும் சேர்ந்து ஓடினால் 900 விஏ மீட்டர் ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றுவிடும். ஏசியும் வேண்டுமென்றால் 1,300 அல்லது 2,200க்கு உயர்த்தச் சொல்லி, அந்தச் செலவு யாருடையது என்று பேசிக்கொள்ளுங்கள். மின்சாரம் பெரும்பாலும் ப்ரீபெய்டு. கடையிலோ போனிலோ டோக்கன் வாங்கி 20 இலக்க எண்ணை மீட்டரில் அடிக்க வேண்டும். தீரப்போகும்போது மீட்டர் கத்தும், அதுவும் நடுராத்திரியில்தான் கத்தும். பிளக் உருண்டை இரு முனை வகை, இங்கிருந்து அடாப்டர் எடுத்துப் போங்கள். பச்சை நிற 3 கிலோ கேஸ் சிலிண்டர் ஏழைகளுக்கான மானியச் சரக்கு. உங்களுக்குக் கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள், 5.5 கிலோ தனியாக விற்கிறது.

சிக்னலை வீட்டுக்குள் நின்று, சாயங்கால நேரத்தில் சோதியுங்கள். உங்கள் போன் வெளிநாட்டுக் கருவி என்பதால், அதன் அடையாள எண்ணான ஐஎம்இஐயைப் பதியாவிட்டால் 90 நாளுக்குப் பிறகு உள்ளூர் சிம் அதில் வேலை செய்யாது. குடியேறிய 24 மணி நேரத்துக்குள் ஊர்த்தலைவரிடம் பாஸ்போர்ட் நகலோடு தகவல் சொல்லிவிடுங்கள். ஊருக்கென்று மாதச் சந்தா கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். அப்புறம், நியெபி என்ற மௌன நாளில் வெளியே போகக்கூடாது, விளக்கு வெளியே தெரியக்கூடாது, விமான நிலையமே மூடியிருக்கும். பல இடங்களில் மொபைல் இணையத்தையும் நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: லோம்போக் தீவில் ஆறு மாதம் இருக்கப்போகிறேன். ஊர் திரும்பும் ஒருவர் பழைய ஹோண்டா பீட் ஸ்கூட்டரைப் பாதி விலைக்குத் தருகிறார். எஸ்டிஎன்கே இருக்கிறது, பிபிகேபி மட்டும் ஃபைனான்ஸில் இருக்கிறதாம். வாங்கலாமா?

பதில்: எஸ்டிஎன்கே என்பது வண்டியை ஓட்டுவதற்கான பதிவுத்தாள். வண்டி யாருடையது என்று சொல்வது பிபிகேபி புத்தகம். அது ஃபைனான்ஸில் இருக்கிறது என்றால் தவணை பாக்கி என்று அர்த்தம். ஒருநாள் வசூல்காரர்கள் வந்து வண்டியை எடுத்துப்போவார்கள், உங்களிடம் சாவி மட்டும் இருக்கும். பாதி விலையின் ரகசியம் அதுதான். வேறு வண்டி பார்த்தாலும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் இரண்டு தாளிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. அதனால் ஆறு மாதத்துக்கு மாத வாடகை வண்டியே மேல். எடுக்கும்போது பழைய கீறல்களை வீடியோ எடுத்து, உரிமையாளர் கண்முன்னே அவருக்கே அனுப்பிவிடுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் இருசக்கர வாகனம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கார் மட்டும் இருந்து விபத்து நடந்தால், பயணக் காப்பீட்டுக்காரர் கையை விரிக்க அது ஒன்றே போதும்.

கேள்வி: பினாங்கிலிருந்து குடும்பத்தோடு சுமத்ராவின் மேடான் போய், அங்கிருந்து தோபா ஏரியில் சமோசிர் தீவுக் கிராமத்தில் மூன்று இரவு தங்க ஆசை. ஏஜென்ட் நாள் முழுக்க கார், தனிப் படகு என்று பெரிய தொகை சொல்கிறார். தேவையா?

பதில்: கார் குடும்பத்துக்கு வசதிதான், தனிப் படகு தேவையில்லை. மேடானின் குவாலாநாமு விமான நிலையத்திலிருந்து ஏரிக்கரை ஊரான பராப்பாட் வரை சீட் கணக்கில் ‘டிராவல்’ கார்கள் ஓடுகின்றன. பராப்பாட்டின் திகாராஜா துறையிலிருந்து துக்துக் கிராமத்துக்குப் பொதுப் படகு இருக்கிறது, விடுதி வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். இருட்டுவதற்குள் துறைக்குப் போய்ச் சேரும்படி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள், கடைசிப் படகைத் தவறவிட்டால் ஒரு ராத்திரி பராப்பாட்டில்தான்.

பணத்தைவிடப் படகைப் பாருங்கள். 2018 ஜூன் 18 அன்று இதே ஏரியில் சினார் பாங்குன் என்ற படகு அளவுக்கு மேல் ஆளேற்றி மூழ்கியது. 160க்கும் மேற்பட்டோர் கிடைக்கவே இல்லை. கூட்டமாக இருந்தால் அடுத்த படகுக்கு நில்லுங்கள், பிள்ளைகளுக்கு மிதவை அங்கியைக் கேட்டு வாங்கி மாட்டிவிடுங்கள்.

மேடானில் அரை நாள் இருந்தால் கம்போங் மெட்ராஸில் 1884இல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குப் போய்வாருங்கள். டெலி பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த தமிழர்களின் காலத்துக் கோயில். சைவம் சாப்பிடுபவர்கள் அங்கேயே கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். சமோசிர் பத்தாக் மக்களின் ஊர், சமையலில் பன்றி இறைச்சி சாதாரணம்.

கேள்வி: பாலி போகும் நண்பரிடம் ‘காட்டுப்’ புனுகுப்பூனைக் காபி வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: புனுகுப்பூனை பழத்தைத் தின்று கழித்த கொட்டையில் செய்யும் காபி இது. பாக்கெட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தோட்டத்தில் இலவசமாக ருசி பார்க்கக் கொடுத்து, கடைசியில் விலை சொல்வார்கள். ‘காட்டு’ என்று எழுதியதில் பெரும்பகுதி கூண்டில் அடைத்த பிராணியிடமிருந்து வந்தது. அந்தப் பணத்துக்கு, பாலியின் மலைப்பகுதியான கிந்தாமணியில் விளையும் அராபிகா காபி வாங்கிவரச் சொல்லுங்கள். இந்தோனேசியாவில் முதன்முதலில் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அதுதான், 2008இல். அரைத்த தூள் வேண்டாம், முழுக் கொட்டையாக, வறுத்த தேதி அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.