ஃபெயிலியர் என்றால் நின்றுபோனது என்று அர்த்தமில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஆறு நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியை அவரே எடுத்துப் படித்துவிட்டார். 'ஹார்ட் ஃபெயிலியர்', 'இ.எஃப். 45%' என்று இருந்ததைப் பார்த்ததிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. பாதி இதயம் போய்விட்டது, இனி எத்தனை நாளோ என்கிறார். 'ட்ரோபோனின் நெகட்டிவ்', 'எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்', சிறுநீரகத்தில் 'சிம்பிள் சிஸ்ட்' என்றும் இருக்கிறது. முதுகுவலிக்குக் கொடுத்த பாரசிட்டமால் மாத்திரைக்கு நேரே எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருப்பதால், ஆபத்து வந்தால்தான் தரவேண்டும் என்று அம்மா அதைப் பூட்டி வைத்திருக்கிறார். இதெல்லாம் என்ன? அப்பாவிடம் நான் என்ன சொல்வது?

பதில்: முதலில் அந்த மாத்திரையை வெளியே எடுங்கள் அம்மா. அது ஆபத்துக்கு உதவி கேட்கும் எஸ்.ஓ.எஸ். இல்லை. லத்தீனில் 'தேவைப்பட்டால்' என்று பொருள் தரும் மூன்று சொற்களின் முதல் எழுத்துகள், அவ்வளவுதான். வலி இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் வேண்டாம். ஒரு நாளில் எத்தனை வரை போடலாம், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் எத்தனை மணி நேரம் இடைவெளி, இந்த இரண்டை மட்டும் டாக்டரிடமோ மருந்துக் கடையிலோ கேட்டு அட்டை மேலேயே எழுதி வையுங்கள். ராத்திரி முழுக்க வலியோடு புரண்டு படுக்க அவருக்கு ஒரு அவசியமும் இல்லை.

இந்தத் தொழிலில் இருக்கும் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை நாங்கள் அடுத்து பார்க்கப்போகும் டாக்டருக்காக எழுதுகிறோம், ஆனால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் முதலில் படிப்பது நோயாளிதான். புரியாத சொல்லைக்கூட யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வார்கள், தெரிந்த சொல் என்றால் கேட்கவே மாட்டார்கள், அங்கேதான் பெரிய பயமெல்லாம் உண்டாகிறது. ஃபெயில் என்றால் என்ன என்று உங்கள் அப்பாவுக்குத் தெரியும், 45-க்கு என்ன மதிப்பு என்றும் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். அதனால் யாரையும் கேட்காமல் தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுவிட்டது என்றோ நிற்கப்போகிறது என்றோ பொருள் இல்லை. உடம்புக்கு வேண்டிய அளவுக்கு ரத்தத்தை இதயத்தால் எளிதாக அனுப்ப முடியவில்லை, அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது, மூச்சு வாங்குகிறது. தமிழில் இதை இதயச் செயலிழப்பு என்று எழுதுகிறார்கள், எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடே இல்லை, பயம் இன்னும் கூடுகிறது. இதயப் பலவீனம் என்று சொன்னால் போதுமே. மாரடைப்பு வேறு, அது இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. கார்டியாக் அரெஸ்ட் வேறு, அதுதான் இதயம் திடீரென்று ரத்தம் அனுப்புவதை நிறுத்திவிடுவது, ஆள் அந்த இடத்திலேயே நினைவிழந்து விழுவார், உடனே நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். செய்ய வேண்டும். இதயப் பலவீனத்தோடு மருந்து எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் வேலையும் வீடுமாக இருப்பவர்கள் நிறைய பேர். லேசான நோய் என்று சொல்லவில்லை, மருந்தை ஒரு வேளை விட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் நோய் இல்லை இது. ஆனால் அப்பா நினைப்பது போல் முடிவுரையும் இல்லை.

இப்போது அந்த 45-க்கு வருவோம். இ.எஃப். என்பது 100-க்கு எடுத்த மார்க் இல்லை. இதயத்தின் இடது கீழறையில் ஒரு துடிப்புக்கு முன்னால் சுமார் 120 மில்லி ரத்தம் நிறைகிறது என்று வையுங்கள், நல்ல ஆரோக்கியமான இதயம் அதில் 70 மில்லி அளவுக்குத்தான் வெளியே தள்ளும், மீதி உள்ளேயே இருக்கும், இருக்கவும் வேண்டும். அப்படி வெளியே தள்ளும் பங்குதான் இ.எஃப்., கணக்குப் போட்டால் 58% வருகிறதா? யாருடைய இதயமும் 100% காட்டாது. 50-லிருந்து 70 வரை இருந்தால் சரியான அளவு. அப்பாவின் 45-ஐ 100-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் பாதி போய்விட்டது என்று தோன்றியது, 50-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் குறைவு. 41-லிருந்து 49 வரை உள்ளதை லேசான குறைவு என்றுதான் நாங்களும் வகைப்படுத்துகிறோம். மருந்து தொடர்ந்து எடுத்து அடுத்த எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், இந்த எண் ஏறுவதும் உண்டு. அதே சமயம் இந்த எண்ணையே பிடித்துக்கொண்டும் உட்கார வேண்டாம், இ.எஃப். நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணைவிட மாடிப்படி ஏறும்போது அவருக்கு எப்படி இருக்கிறது என்பது எனக்கு முக்கியம்.

ட்ரோபோனின் நெகட்டிவ் நல்ல செய்தி. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் அது, நெகட்டிவ் என்றால் தேடியது இல்லை, அதாவது அவருக்கு மாரடைப்பு வந்ததற்கான தடயம் இல்லை. பரிசோதனைத் தாளில் நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களுக்கு நல்லது கெட்டது என்ற பொருளே கிடையாது. தேடிய பொருள் இருக்கிறதா இல்லையா, அதுதான்.

எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன் என்பது நாம் எல்லோரும் சொல்கிற பிரஷர். எசென்ஷியல் என்றதும் 'அத்தியாவசியம்' என்று படித்துவிட்டு, பிரஷர் கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும் போல என்று மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்ன காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாத பிரஷருக்கு அந்தப் பெயர். பிரஷர் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வகைதான். இதயம் பலவீனமாவதற்கு இதுவே ஒரு காரணமாக இருக்கலாம், மாத்திரையை நிறுத்தவே கூடாது.

சிம்பிள் சிஸ்ட் என்பது நீர் நிறைந்த மெல்லிய பை, வயது ஏற ஏற பலருக்கும் சிறுநீரகத்தில் வரும், பெரும்பாலும் அதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதன் கீழே 'க்ளினிக்கல் கோரிலேஷன் தேவை' என்று ஒரு வரி இருந்தாலும் பயப்படாதீர்கள். ஸ்கேன் படத்தைப் படித்தவர் பல நேரம் நோயாளியை நேரில் பார்த்திருக்க மாட்டார், பார்க்கிற டாக்டர் படத்தையும் ஆளையும் சேர்த்து வைத்து முடிவு செய்யட்டும் என்பதுதான் அது.

ரத்தப் பரிசோதனையில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தால்? நார்மல் அளவு என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேருக்கு இருக்கும் அளவு, அப்படியானால் ஒரு குறையும் இல்லாத மீதி ஐந்து பேருக்கும் நட்சத்திரம் விழும். ஒரு நட்சத்திரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், விடவும் விடாதீர்கள், அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

மருந்துச் சீட்டில் ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, ஹெச்.எஸ். தூங்கப் போகும்போது. (கண்ணாடிச் சீட்டில் அதே ஓ.டி. வலது கண்ணைக் குறிக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

முதுகுவலிக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பாரசிட்டமால் போதவில்லை என்று கடையில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்துக்கும் சுமை, இப்போதுதான் வடிந்த நீர் திரும்ப ஏறிவிடும்.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். ஒன்றும் இல்லை, கவலைப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் படித்துவிட்டார், நீங்கள் மறைப்பதாகத்தான் நினைப்பார். அதே காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், 45 என்ற இடத்தில் விரலை வைத்து அந்த 120 மில்லி கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள். அப்புறம் அவர் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், எதுவும் சாப்பிடும் முன், அதே எடை மெஷினில் ஏறி எடையைக் குறிக்கட்டும், அவரே குறிக்கட்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, ஒரு தலையணை வைத்துத் தூங்கியவர் இரண்டு மூன்று கேட்டாலோ, அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டருக்குச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டு அவர் கையிலேயே இருக்கட்டும், கேள்விகளையும் அவரே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.