எச்61 வேண்டாம், இசட்790 தேவையில்லை

கேள்வி: சுன்னாகத்தில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். அழைப்பிதழ், கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் புத்தகம்), கலியாண அல்பம் என்று நாள் முழுக்க போட்டோஷொப் வேலைதான். போன மதர்போர்ட் இரண்டு வருடம்கூட நிற்கவில்லை. டிடிஆர்4 ராம் 8 ஜிபி இரண்டு கையில் இருக்கிறது. இன்டெல் ஐ5-12400 பிராசசர் போட யோசிக்கிறேன். கடையில் மூன்று சொன்னார்கள்: பாவித்த மூன்றாம் தலைமுறை ஐ5 உடன் பெயர் தெரியாத ஒரு எச்61 போர்ட், அடுத்து எச்610, நன்றாக நிற்க வேண்டுமென்றால் இசட்790. எது காசுக்குப் பெறுமதி?

பதில்: எச்61 பேச்சையே விடுங்கள். அது 2011இல் வந்த சிப்செட், அதாவது போர்ட்டின் மற்றப் பாகங்களைப் பிராசசரோடு இணைக்கும் சிப். பெட்டியும் போர்ட்டும் புதிதாக மினுங்கும், ஆனால் பெயர் தெரியாத கம்பனிகள் இப்போது விற்கும் எச்61 போர்ட்களில் பழைய போர்ட்டிலிருந்து கழற்றிய சிப்செட் இருப்பது சாதாரணம். உங்களிடம் உள்ள ராமும் அதில் ஏறாது, அந்தப் போர்ட் எடுப்பது டிடிஆர்3. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. மூன்றாம் தலைமுறை பிராசசரை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதும் இல்லை.

இசட்790 நல்ல போர்ட்தான். ஆனால் அதற்குக் கொடுக்கும் மேலதிகக் காசில் பெரும்பகுதி ஓவர்குளொக் செய்யும், அதாவது பிராசசரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் வசதிக்குப் போகிறது. 12400 ஓவர்குளொக் செய்வதற்கான பிராசசர் அல்ல.

மிச்சம் எச்610. வேலை செய்யும், மோசமில்லை. ஆனால் அதில் ராம் ஸ்லொட் இரண்டுதான். இப்போதுள்ள 16 ஜிபி அல்பம் வேலைக்குப் போதாது என்று ஒருநாள் வரும், அப்போது இரண்டு 8ஐயும் கழற்றி வைத்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். கடைக்காரர் சொல்லாத பி760ஐக் கேட்டுப் பாருங்கள். டிடிஆர்4 எடுக்கும் வகையில், நான்கு ஸ்லொட் உள்ளதாகப் பார்த்துக் கேளுங்கள். இன்னும் இரண்டு 8 வாங்கிச் செருகினால் 32 ஆகிவிடும். டிடிஆர்5 வகையும் அதே பெயரில் வருவதால் பெட்டியை வடிவாக வாசித்து வாங்குங்கள், ஒன்றுக்குரிய ராம் மற்றதில் ஏறாது. விலை வித்தியாசம் கையைக் கடித்தால் மட்டும் எச்610.

எதை எடுத்தாலும் பிராசசர் பூட்டும் சொக்கெட்டைச் சுற்றியுள்ள பகுதியைப் பாருங்கள். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை ஒரு வோல்ட்டைச் சுற்றி இறக்கி பிராசசருக்குக் கொடுப்பது அந்த இடம்தான். 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும். வோல்ட் அவ்வளவு குறைவாக இருக்கும்போது அது கிட்டத்தட்ட 100 அம்பியர்! அந்தச் சூட்டைத் தாங்கும் பாகங்களின்மேல் அலுமினியக் கட்டி பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏசி இல்லாத கடையில் சித்திரை, வைகாசியில் அதன் அருமை தெரியும். போர்ட்டில் ஓடும் கலர் லைட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

12400எஃப் கொஞ்சம் மலிவு என்று ஆசை காட்டுவார்கள். அதில் கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் போடாவிட்டால் மொனிட்டரில் ஒன்றும் தெரியாது.

சரி, பழைய போர்ட் எப்படிப் போனது? அதை நீங்கள் எழுதவில்லை. கேஸோடு சேர்ந்து வந்த மலிவுப் பவர் சப்ளைதான் இன்னும் இருக்கிறதென்றால், எனக்கு முதல் சந்தேகம் அதில்தான். புதுப் போர்ட்டை அதில் கொழுவ வேண்டாம். இசட்790 வாங்காமல் மிச்சம் பிடிக்கும் காசை நல்ல கம்பனிப் பவர் சப்ளைக்குப் போடுங்கள். 500 வாட் தாராளம். பிளக் பொயின்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று மின்வேலை செய்பவரிடம் பார்ப்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ரவுட்டரிலிருந்து வரும் லான் வயரையும் கழற்றிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் போர்ட்டுக்குள் வரும், யூபிஎஸ் அதைத் தடுக்காது. உங்கள் பக்கத்துச் செம்மண் தூசியும் லேசான எதிரியல்ல, அடிக்கடி ஊதிவிடுங்கள்.

வொறன்டி மூன்று வருடம் என்று சொன்னால், பழுதானால் போர்ட் எங்கே போகும், எத்தனை கிழமை ஆகும் என்று கேளுங்கள். கொழும்புக்கு அனுப்புவதென்றால் அதுவரை கடைக்கு மாற்றுப் போர்ட் தருவார்களா என்பதும் முக்கியம், கல்வெட்டு வேலை முப்பத்தோராம் நாளுக்கு முன் முடிய வேண்டியது. சீரியல் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். கடையிலேயே பெட்டியைத் திறந்து, சொக்கெட்டுக்குள் உள்ள பின்களைப் போனில் கிட்டவாகப் படம் எடுங்கள். ஒரு பின் வளைந்திருந்தாலும் வொறன்டி இல்லை என்று சொல்லிவிடுவார்கள். சொக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் எறிய வேண்டாம், போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதையும் கேட்பார்கள்.